பிளாஸ்டருக்குள் போன பேச்சு

போன கிழமை எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. திருத்த வந்தவன் சந்தியில் நின்றுகொண்டு போனில் வழி கேட்டான். "நேரா வந்து இப்பிடித் திரும்புங்க. அங்கருந்து மேல ஏறி, அந்தப் பக்கம் போகாம இந்தப் பக்கம் வாங்க," என்றேன். சொல்லும்போதே என் வலது கை சுவரைப் பார்த்து வளைந்தது, திரும்பியது, மேடு ஏறியது, கடைசியில் கேட்டையும் திறந்துவிட்டது. "எந்தப் பக்கம் ஐயா?" என்றான் அவன். "இந்தப் பக்கம்னுதானே சொல்றேன்," என்று கையை இன்னும் பலமாக ஆட்டினேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கையப் போனுக்குள்ள விட்டுக் காட்டுங்க. அப்பத்தான் அவனுக்கு விளங்கும்."

நீங்கள் சிரிக்க வேண்டாம். நம் வயதுக்காரர்கள் எல்லோரையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பஸ் நிலையத்தில் ஒரு காதில் போனை அழுத்திக்கொண்டு, கொழும்பிலிருக்கிற மருமகனுக்காக மறு கையால் காற்றில் படம் கீறுகிறவர்கள் நீங்களும்தான். வாய் "பெரிய மீன்" என்று மட்டும் சொல்லும். எவ்வளவு பெரிசு என்பதைக் கைதான் சொல்லும். வாய் "விழுந்துட்டான்" என்று முடித்துவிடும். குப்புறவா, மல்லாக்கவா, உருண்டா, சறுக்கியா என்பதெல்லாம் கையின் இலாகா. வாய் வாங்குகிற சம்பளத்தில் பாதி கைக்குச் சேர வேண்டியது. இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் மானக்கேடானது.

எங்கள் வீடு கண்டி டவுனுக்கு மேலே, சரிவில், சீமெந்துப் படிக்கட்டு ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. அப்பா நகரசபையில் கிளார்க். அவர் பேசும்போது இரண்டு கையும் முழங்காலின்மேல், காற்றுக்குப் பறந்துவிடாமல் பாரம் வைத்த கடதாசிகள் மாதிரிக் கிடக்கும். "பேச்சுக்கு வாய் போதும். கைய நீட்டிப் பேசுறவன் சண்டைக்காரன்," என்பார். காலையிலிருந்து மாலைவரை மேலதிகாரிகளுக்கு முன்னால் கை கட்டி நின்றுவிட்டு வருகிற மனிதர் அவர். அங்கே ஒரு விரல் கூடுதலாக அசைந்தால் அது திமிராகிவிடும். இது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது, அப்பாவுக்குக் கையில் ஏதோ வியாதி என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருக்குப் பிறந்தவன் நான். சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே பஸ் ஓட்டுவேன். விளக்குச் சிமினியை உடைத்ததும், நீல எனாமல் கோப்பையைச் சொட்டையாக்கியதும், பக்கத்து வீட்டு அக்காவின் மூக்குத்தியைத் தட்டி அவளை அழவைத்ததும் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான். "இவன் பேசுறப்ப ஒரு பாய் தூரம் தள்ளி உக்காருங்க," என்று அம்மா வீட்டுக்கு வருகிறவர்களை முன்கூட்டியே எச்சரித்துவிடுவாள்.

அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் பாடசாலை அதிபரை எல்லோரும் பெரிய சார் என்போம். ஸ்கொலர்ஷிப் சோதனையில் தேறக்கூடியவர்கள் என்று சில பிள்ளைகளைப் பொறுக்கி அவர் ஒரு தனி வகுப்பு வைத்திருந்தார். அதில் நானும் ஒருவன். சிரிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். வகுப்பு டீச்சர் யாழ்ப்பாணத்துப் பெண். நல்லவர், ஆனால் பிள்ளை பதில் சொல்லத் தாமதித்தால் அவருக்கு மூச்சுத் திணறிவிடும்.

மழை பிடித்துக்கொண்ட மாதம் அது. படிக்கட்டு முழுதும் பச்சைப் பாசி. ஒரு காலையில் என் கூட்டாளியோடு பள்ளிக்கூடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அவன் டவுனில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. முதல் நாள் நான் கண்ட காட்சியை அவனுக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது: குளிக்கப் போன யானையொன்று போகிற போக்கில் பொலிஸ்காரரின் தொப்பியை எடுத்துவிட்டது. வாயால் மட்டும் சொன்னால் அது செய்தி. தும்பிக்கை இறங்கி, தடவி, தூக்கி, திரும்பப் போடலாமா என்று யோசித்ததைக் காட்ட இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையையும் கொடுத்தேன். பிடித்துக்கொள்ளக் கை இருக்கவில்லை. யானையும் நானும் ஒன்பது பத்துப் படி போனோம்.

வலது கை முழங்கைக்குக் கிட்ட முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, விரல் நுனி மட்டும் தெரியும்படி விட்டு, கழுத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டு வாசனை அதற்கு. மழை ஈரத்தில் அது ஈரக் கம்பளி வாசனையாகி, பிறகு விவரிக்க முடியாத ஒன்றாகிவிட்டது. உள்ளே அரித்தால் குடைக்கம்பியை விட்டுச் சொறிவேன். கூட்டாளி போல்பொயின்ட் பேனாவால் அதன்மேல் ஒரு யானையைக் கீறினான். அது பன்றியைப்போல இருந்தது. பிறகு பிளாஸ்டரை வெட்டி வாளியில் போட்டபோது நான் அழுதது அந்தப் பன்றிக்காகத்தான்.

கை போனால் என்ன, இன்னொரு கை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கேதான் வந்தது வில்லங்கம். இருந்தது இடது கை. பீச்சாங்கை. கண்டியில் தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட விஷயங்கள் மிகக் குறைவு. அதிலொன்று, பெரியவர்களுக்கு முன்னால் இடது கையை நீட்டக் கூடாது என்பது. கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, சுட்டிக் காட்டக் கூடாது. முதல் நாள் சாப்பிடும்போது "அம்மா, அந்தக் கறி" என்று இடது கையைத் தூக்கினேன். அப்பா விரலால் என் மணிக்கட்டில் ஒரு சுண்டு சுண்டினார். "என்னடா பழக்கம்? அந்தக் கைய பின்னால கட்டு." கட்டினேன். அம்மா சோற்றை உருட்டி ஊட்டிவிட்டாள். பத்து வயதுப் பையனுக்கு ஊட்டுகிற எரிச்சலில் ஒவ்வொரு உருண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

அன்றிலிருந்து என் பேச்சு படுத்துக்கொண்டது.

"எங்கடா என் குடைய வச்ச?" என்பாள் அம்மா. இடம் கண்ணுக்குள் இருக்கிறது. வாய், "அந்த... வந்து... அதுக்கு அந்தாண்ட..." என்று போய் நின்றுவிடும்.

"எதுக்கு அந்தாண்ட?"

"அதான்... அது... இருக்கில்ல..."

"நான் என்ன ஜோசியக்காரியா?" என்று அம்மா வீட்டையே புரட்டுவாள்.

வகுப்பிலும் அதே கதி. ஆறு எப்படி வளைகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது, முக்கோணத்தில் எந்தப் பக்கம் நீளம் என்று எதைக் கேட்டாலும் எழுந்து நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்ப்பேன். சொற்கள் எல்லாம் உள்ளே வரிசையில் நிற்கும். கதவைத் திறக்கிறவன் லீவில். "என்ன பிள்ளை, வாயைத் துறந்து சொல்லுமன்," என்பார் டீச்சர். "முந்தி மூடச் சொன்னாலும் மூடாத வாய். இப்ப என்ன வந்தது உமக்கு?"

ஒரு பின்னேரம் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தேநீரைத் தொடாமல், அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கெண்டாப் பயமாக் கிடக்கு ஐயா. விழேக்க தலையும் அடிபட்டதோ?"

அவ்வளவுதான். முறிந்தது கை, வைத்தியம் முழுக்கத் தலைக்கு.

முதலில் தலையை மழித்தார்கள். எண்ணெய் நன்றாக இறங்க வேண்டுமாம். தினமும் காலையில் ஏதோ பச்சிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய்; அது நெற்றி வழியாக இறங்கிப் புத்தகத்தில் சொட்டும். அதற்குப் பிறகு ஒரு தம்ளர் வல்லாரைச் சாறு. அந்தப் பச்சைக் கசப்பு இப்போதும் என் நாக்கின் வேரில் எங்கேயோ குடியிருக்கிறது. கோயில் பூசாரி உச்சந்தலையில் விபூதியை அப்பி மூன்று முறை ஊதினார். கூட்டாளியின் உம்மா ஓதிக் கட்டிய கயிறொன்றை அனுப்பிவைத்தார். நகரசபையில் அப்பாவோடு வேலை செய்த சிங்கள ஐயா தன் பங்குக்கு ஒரு மருந்துருண்டையைக் கொடுத்து, தேனில் குழைத்துத் தலையில் பூசச் சொன்னார். பூசினோம். எறும்பு வந்தது. இத்தனை பேர் தலையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவராவது கொஞ்சம் கீழே குனிந்து கையைப் பார்த்தார்களா? இல்லை.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கும் என் தலை மேல்தான் சந்தேகம். தனியாக இருக்கும்போது இடது கையால் மண்டையைத் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்ப்பேன். தேங்காய் வாங்கும்போது அம்மா செய்வது போல.

கூட்டாளி ஒருவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த வாய்க்கால் கட்டில் உட்கார்ந்து அவனிடம் எல்லாம் கதைப்பேன். கூட்டாளிக்கு என்ன மரியாதை? பீச்சாங்கை அங்கே தன்பாட்டில் பறந்துகொண்டிருக்கும். "என்னோட மட்டும் நல்லாத்தானே கதைக்கிற? டீச்சர்ட முன்னுக்கு மட்டும் ஏன் மாடு மாதிரி நிக்கிற?" என்றான். அப்பாவையும் டீச்சரையும் கண்டால் மூளை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது என்று நினைத்தேன்.

அவன் நேராக அப்பாவிடமே போய்ச் சொன்னான். "அங்கிள், இவனுக்கு ஒண்டுமில்ல. எனக்கிட்ட நல்லாக் கதைக்கிறான்." அப்பா அவன் தோளைத் தட்டி, "நல்ல பிள்ளை நீ," என்றார். அவன் போனதும் அம்மாவிடம் திரும்பினார். "பாவம், கூட்டாளிய விட்டுக்கொடுக்காமப் பேசுறான்." உண்மையைச் சொன்னவனுக்குக் கிடைத்த மரியாதை அது.

இந்த நிலையில்தான் கலகெதரயிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அங்கே மெயின் ரோட்டில் சில்லறைக் கடை. வளைந்த மரப்பிடி வைத்த பெரிய கறுப்புக் குடையோடுதான் எங்கும் போவார். வெயிலோ மழையோ, பேசும்போது அந்தக் குடையால் நிலத்தைக் குத்தினால்தான் அவருக்கு வசனம் முடியும். என் மொட்டைத் தலையை ஒரு பூசணிக்காயைப் பார்ப்பது போலச் சுற்றிவந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, ஒளிச்சுப் பேசல. இவனுக்கு இனிப் படிப்பு ஏறாது." ஒரு குத்து. "என்கிட்ட விடுங்க. கடையில போட்டு ஆளாக்கிறேன்." இரண்டாவது குத்து. "கைய கால ஆட்டாம நிக்கிறான் பாருங்க. கடைக்கு அதான் வேணும்."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா முழங்காலிலிருந்த தன் கைகளைப் பார்த்தார். "பெரிய சார் என்ன சொல்றாருன்னு பாத்திட்டுச் சொல்றேன் மச்சான்," என்றார்.

மாமாவின் கடை எனக்குத் தெரியும். கருவாட்டுப் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்தான் படுக்கை. பள்ளிக்கூடம் இல்லை, வாய்க்கால் கட்டு இல்லை, கதை கேட்க ஆளில்லை. மாமா கதை கேட்கிற இனமில்லை. அன்று இரவு வல்லாரைச் சாற்றை நானாகவே இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன் என்றால் என் பயத்தை அளந்துகொள்ளுங்கள்.

பெரிய சார் ஒரு வழி சொன்னார். கை எழுதாது, ஆகவே பள்ளித் தவணை முடிவதற்குள் வாயால் கேட்டுப் பார்ப்பார். ஒழுங்காகப் பதில் சொன்னால் வகுப்பில் இருக்கலாம். இல்லாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்கு. அதற்குப் பிறகு கலகெதர.

அந்த நாளில் பெரிய சாரின் அறைக்குள் மேசைக்கு அந்தப் பக்கம் அவர், பக்கத்தில் டீச்சர், சுவரோரம் மாமா குடையோடு. நேரம் மதியத்தை நெருங்கியிருந்தது. சாரின் மேசையில் ஒரு கோப்பைத் தேநீர் ஆடை கட்டி ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய சோற்றுப் பார்சல். வாழையிலை சூட்டில் வாடிய வாசனை அறை முழுக்க. அப்பா எனக்குப் பின்னால் நின்று, என் இடது மணிக்கட்டை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெரிய மனிதர்களுக்கு முன்னால் மகன் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்ற கவலை.

"ரயில்ல கடுகண்ணாவை மலை ஏறியிருக்கியா?" என்றார் பெரிய சார்.

"ஆமா சார்." கொழும்பில் சித்தி கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது ஏறியிருந்தேன். ஜன்னலை விட்டு அசையவே இல்லை.

"நேரா ஏறினா சீக்கிரமா வந்திறலாமே. ஏன் வளைஞ்சி வளைஞ்சி ஏறுது?"

எனக்கு மனசு குதித்தது. இதைவிடச் சுகமான கேள்வியை நானே கேட்டிருக்க முடியாது. மலை கண்ணுக்குள் நிற்கிறது, பள்ளம் நிற்கிறது, பாறையைச் செதுக்கிய விளிம்பு நிற்கிறது. வாயைத் திறந்தேன்.

"ரயில் வந்து... மலைல... மலை இப்பிடி... இப்பிடி இருக்கிறதால..."

"எப்பிடி?"

"இப்பிடி சார்." இப்பிடி என்கிற இடம் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால், அப்பாவின் பிடிக்குள் கிடந்தது.

மாமா குடையால் நிலத்தைக் குத்தினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வியர்த்தது; அப்பாவின் கைக்கும் வியர்த்திருக்க வேண்டும். ஏனென்றால் மணிக்கட்டு வழுக்கி வெளியே வந்துவிட்டது. வந்த கை என்னைக் கேட்கவில்லை. மேசைக்கு மேலே மலையாகச் சரிந்தது.

"மலை இப்பிடிச் செங்குத்து சார். நேரா ஏறினா சில்லு வழுக்கும். பாரத்துக்கு ரயில் பின்னால போயிரும். அதனால மலைய அணைச்சிக்கிட்டு இப்பிடிச் சுத்தி, கொஞ்சங் கொஞ்சமா..."

"சார் முன்னால பீச்சாங்கையா!" அப்பா பாய்ந்து கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் கட்டினார். ரயில் பாதி மலையில் நின்றது.

"கொஞ்சங் கொஞ்சமா?" என்றார் பெரிய சார்.

"கொஞ்சங் கொஞ்சமா... வந்து... அது..."

"மன்னிச்சிக்கங்க சார்," என்றார் அப்பா. "விழுந்ததிலருந்து மரியாதையும் போயிருச்சி."

பெரிய சார் சோற்றுப் பார்சலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பசித்த மனிதனின் சலிப்போடு மூச்சு விட்டார். அவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குச் சாப்பிட வேண்டும், அவ்வளவே.

"ஐயா, கைய விடுங்க. எந்தக் கையால சொன்னாலும் ரயில் ஒண்ணுதானே. சீக்கிரம் வந்து சேரட்டும்."

அப்பா விடவில்லை. அவர் பிடி ஒரு கணம் இன்னும் இறுகியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு மேலதிகாரி சொல்கிறார், ஆனால் சொல்வது மரியாதைக் கேட்டை. எந்தப் பக்கம் போவது என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன.

ரயில் கிளம்பியது. மலையைச் சுற்றியது, வளைவில் தன் எஞ்சினைத் தானே ஜன்னல் வழியாகப் பார்த்தது, பின்னாலிருந்து இன்னொரு எஞ்சின் முட்டித் தள்ளியது, சுரங்கத்துக்குள் புகுந்தது. சுரங்கம் தேநீர்க் கோப்பையின் காதாக அமைந்துவிட்டது என் பிழையல்ல. கோப்பை உருண்டு, ஆடையோடு தேநீர் முழுவதும் சோற்றுப் பார்சலில் இறங்கியது. நான் நிறுத்தவில்லை. பேராதனைச் சந்தி கடந்து கண்டி ஸ்டேஷனில் ரயிலை நிறுத்திய பிறகுதான் மூச்சு விட்டேன்.

"வகுப்பிலயே இருக்கட்டும்," என்றார் பெரிய சார், பார்சலைச் சரித்துத் தேநீரை வடித்தபடி.

வெளியே வந்ததும் டீச்சர் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிய சேதி என்ன தெரியுமா? "ஓம், வல்லாரை வேலை செய்யுது. நிப்பாட்டிப் போடாதேங்கோ." நிறுத்தவில்லை. பிளாஸ்டர் வெட்டி, முடி வளர்ந்து, மீசை அரும்பும்வரை என் வீட்டில் வல்லாரை ஓடியது. கை அவிழ்ந்ததும் பேச்சு பழையபடி பெருகியதைக் கண்டு, மொத்தப் புண்ணியத்தையும் அந்தக் கீரைக்கே எழுதிவைத்தார்கள்.

ஸ்கொலர்ஷிப் சோதனை எழுதினேன். தேறவில்லை. அதற்கு வல்லாரையும் காரணமில்லை, கையும் காரணமில்லை, நான்தான் காரணம். முடிவு வந்த அன்று அப்பா என் தலையைத் தடவிப் பார்த்தார். "அடி ஒண்ணும் படல போலருக்கு. இது பிறவியிலயே இப்பிடி," என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன நகைச்சுவைகளில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த பௌர்ணமிக்கு, போயா லீவு நாளில், மாமா வந்து நின்றார். முடிவு கலகெதரவரை போய்விட்டிருந்தது. அப்பா பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். கருவாட்டு வாசனை அங்கேயே வந்துவிட்டது.

"இப்ப என்ன சொல்றீங்க மாப்பிள்ளை? பெட்டியக் கட்டச் சொல்லட்டா? பின்னேர பஸ்ஸிலயே கூட்டிட்டுப் போயிறேன்."

அப்பா நிமிர்ந்தார். வலது கை சோற்றில் இருந்தது. முழங்காலில் கிடந்த இடது கை எழுந்தது, மாமாவின் முகத்துக்கு நேரே போனது, விரல்கள் விரிந்தன, மணிக்கட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை திரும்பியது. இல்லை. கிடையாது. நடக்காது. போய் வாருங்கள். அத்தனையும் அந்த ஒரு திருப்பலில் இருந்தது. பிறகு கை மறுபடி முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

மாமா தேநீர் குடிக்காமல் போனார். படிக்கட்டு இறங்கும்வரை குடை குத்துகிற சத்தம் கேட்டது. தங்கச்சி புருஷன் பீச்சாங்கையால் போகச் சொன்னதை அவர் சாகும்வரை கலகெதரயில் எல்லோரிடமும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் செய்தும் காட்டினார் என்று கேள்வி.

அம்மா கொதித்துப்போனாள். "எங்கண்ணன் மூஞ்சிக்கு நேரா அந்தக் கையா? வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அப்பா மென்றார். விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"வாயில சோறு இருந்திச்சி," என்றார்.